நாலு செயின் கார்

பழைய கார் என்று பேச்செடுத்தால் உடனே இரண்டு கேள்விகள் வரும். ஓடுமா? என்ன விலை போகும்? பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் செய்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஒரே குடும்பத்தில் அறுபது, எழுபது ஆண்டுகள் தங்கியிருந்தது என்று கேள்விப்பட்டால் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்: இவ்வளவு காலம் ஏன் விற்காமல் வைத்திருந்தார்கள்?

பாசம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பாசம் வைத்த எத்தனையோ பொருளை மனிதர்கள் இடம் அடைக்கிறது என்று காயலான் கடையில் போட்டிருக்கிறார்கள். பணம் என்று சொன்னாலும் சரிவராது. இந்தக் கார்களுக்கு யாரும் பணம் கொடுக்காத காலம் ஒன்று நீளமாக இருந்தது. உண்மையான பதிலில் பாதி காருக்கு அடியில் இருக்கிறது, மீதி அலமாரிக் காகிதங்களில் இருக்கிறது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், காருக்கு அடியிலிருந்தே தொடங்குவோம்.

நான் எடுத்துக்கொள்ளும் கார் ஃபிரேசர் நாஷ். லண்டனை ஒட்டிய கிங்ஸ்டனிலும், பிறகு ஐல்வொர்த்திலும் 1924 முதல் 1939 வரை செய்தார்கள். மொத்தமே சுமார் 350 கார்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு இருபத்துச் சொச்சம். இதை அபூர்வம் ஆக்குவது எண்ணிக்கை மட்டுமல்ல. அந்தக் காலத்தில் உலகமே ஒரு வழியில் போய்க்கொண்டிருந்தபோது, இந்தக் கம்பெனி எஞ்சினின் சக்தியைச் செயின் மூலமாகவே பின்சக்கரத்துக்குக் கொண்டுபோனது. ஒரு செயின் அல்ல, கியருக்கு ஒன்று.

சாதாரணக் காரில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் வித்தியாசம் பிடிபடும். முன்னால் எஞ்சின். அதன் பின்னால் கிளட்ச். அதற்கும் பின்னால் கியர் பாக்ஸ்: எண்ணெயில் முழுகிய நிலையில் பல்லோடு பல் கோத்துச் சுழலும் சக்கரங்கள் நிறைந்த இரும்புப் பெட்டி. அங்கிருந்து ஒரு நீளத் தண்டு பின்னால் போகிறது. பின் ஆக்சிலின் நடுவில் புடைத்துக்கொண்டு ஒரு கூடு தெரியுமே, அதற்குள் டிஃபரன்ஷியல். வண்டி வலப்புறம் திரும்பும்போது இடப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போட வேண்டும், வலப்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போட்டால் போதும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஏதோ ஒன்று தரையில் இழுபட்டாக வேண்டும். இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை.

இப்போது ஃபிரேசர் நாஷுக்கு அடியில் குனியுங்கள். கியர் பாக்ஸ் இல்லை. டிஃபரன்ஷியலும் இல்லை. கிளட்சிலிருந்து வரும் தண்டு காரின் நடுவில் ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழைகிறது. அந்தப் பெட்டிக்குள் இருப்பவை சாய்வாகப் பல் வெட்டிய சக்கரங்கள். நீளவாக்கில் வந்த சுழற்சியைக் குறுக்குவாக்கில் திருப்பிவிடுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. பெட்டியின் இருபுறமும் ஒரு குறுக்குத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வெவ்வேறு அளவில் ஸ்ப்ராக்கெட்டுகள், அதாவது செயின் ஏறும் பல்சக்கரங்கள். பின் ஆக்சிலில் அவற்றுக்கு நேரே வேறு ஸ்ப்ராக்கெட்டுகள். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு செயின் இணைக்கிறது. ஒரு ஜோடி என்றால் ஒரு கியர். ஆரம்பக் கார்களில் முன்னோக்கிப் போக மூன்று, பின்னாளில் நாலு.

சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புரிய வேண்டும். முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது என்றால் இழுவை அதிகம், வேகம் குறைவு, மேடு ஏறலாம். முன்னால் பெரியதாகவும் பின்னால் சின்னதாகவும் மாறினால் நேர்மாறு. ஆனால் கியர் சைக்கிளில் ஒரே செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. இங்கே எந்தச் செயினும் தாவுவதில்லை. எல்லாம் அதனதன் இடத்திலேயே இருக்கின்றன. வண்டி நகரும்போது எல்லாமே சுற்றுகின்றன. அப்படியானால் கியர் மாறுவது எப்படி?

சூட்சுமம் குறுக்குத் தண்டில் இருக்கிறது. பின் ஆக்சிலில் உள்ள ஸ்ப்ராக்கெட்டுகள் ஆக்சிலோடு இறுக்கி வைத்தவை. குறுக்குத் தண்டில் உள்ளவை தண்டைப் பிடிக்காமல் சும்மா சுழல்பவை. அவற்றின் பக்கத்தில், தண்டோடு சேர்ந்தே சுழலும் ஒரு வளையம் இருக்கிறது. அதன் முகத்தில் சதுரமான கட்டைப் பற்கள். கியர் கம்பியைத் தள்ளினால் இந்த வளையம் நகர்ந்து போய், வேண்டிய ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டுப் பற்களில் கோத்துக்கொள்கிறது. அந்த ஸ்ப்ராக்கெட் தண்டுக்குச் சொந்தமாகிவிட்டது, அதன் செயின் வண்டியை இழுக்கிறது. மற்றச் செயின்கள் வேலையில்லாமல் கூடவே ஓடுகின்றன.

அந்தக் காலத்துக் கியர் பாக்ஸில் கியர் மாற்றுவது பெரிய வித்தை. இரட்டைக் கிளட்ச் மிதித்து, சத்தத்தைக் காதால் அளந்து, கனமான பல்சக்கரங்களின் வேகம் ஒன்றுக்கொன்று ஒத்துவரும் வரை காத்திருந்து தள்ள வேண்டும். ஃபிரேசர் நாஷில் வேகம் ஒத்துவர வேண்டிய பாகங்கள் கனமில்லாதவை. அதனால் கை சட்டென்று நகர்ந்தால் கியரும் சட்டென்று விழுந்துவிடும். பந்தயக்காரர்களுக்கு இதில்தான் ருசி. கியர் கம்பியும் கைப்பிரேக்கும் காருக்கு வெளியே, ஓட்டுநரின் வலப்பக்கத்தில் நிற்கும். கார் அவ்வளவு ஒடுக்கம்.

டிஃபரன்ஷியல் இல்லாததால் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். வளைவில் சண்டை வரும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதைக் குறைக்கப் பின்சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தைக் குறைத்து வைத்தார்கள். மிச்சமிருக்கும் சண்டையை ஓட்டுநர் தீர்த்துவைக்க வேண்டும். வளைவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் வண்டியின் பின்பக்கம் வெளியே சறுக்கும். அந்தச் சறுக்கலைப் பிடித்து வைத்துக்கொண்டே திருப்பிவிட வேண்டும். தெரிந்தவருக்கு அது ஆனந்தம். தெரியாதவர் வேலிக்குள் இருப்பார். சேற்று மேட்டில் மட்டும் இந்த முரட்டு ஆக்சில் எல்லோருக்கும் உதவும். டிஃபரன்ஷியல் உள்ள காரில் ஒரு சக்கரம் வழுக்கினால் சக்தியெல்லாம் அதன் வழியாகவே வீணாகும். இதில் ஒன்று வழுக்கினாலும் மற்றது இழுத்துவிடும். இங்கிலாந்தில் குளிர்கால மலையேற்றப் போட்டிகள் எல்லாம் சேற்றில்தான் நடக்கும், இந்தக் கார்கள் அங்கே பெயர் வாங்கியதற்கு அது முக்கியமான காரணம்.

தொந்தரவுகளையும் சொல்லிவிடுகிறேன். செயின்களுக்கு மூடி கிடையாது. சாலைத் தூசியும் தண்ணீரும் நேராக அவற்றின் மேல்தான். அடிக்கடி எண்ணெய் விட வேண்டும், விட்ட எண்ணெய் காருக்கு அடியிலெல்லாம் தெறிக்கும். சத்தம் உண்டு. செயின் தேயும், தேய்ந்தால் தொய்யும், தொய்ந்தால் இறுக்க வேண்டும். சில நேரம் அறுந்தும் போகும். ஆனால் அறுந்த செயின் எதிலும் போய்ச் சிக்கிக்கொள்ளாமல் இருந்தால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சமிருக்கும் கியர்களில் வீடு வந்து சேரலாம். கியர் பாக்ஸ் உடைந்த காருக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்தக் காரில் தேயும் பாகங்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஒருவர், தன் வீட்டு ஷெட்டில், தரையில் படுத்துக்கொண்டே அவற்றை மாற்றிவிடலாம். ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் கியர் விகிதமே மாறிவிடும்: மலைச் சாலைக்கு ஒரு ஜோடி, நீண்ட நெடுஞ்சாலைக்கு இன்னொரு ஜோடி. அந்தச் செயினும் விசேஷமான சரக்கு அல்ல. உருளைகள் கோத்த இந்த வகைச் செயினை 1880இல் மான்செஸ்டரில் உருவாக்கியவர் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஹான்ஸ் ரெனால்ட். தொழிற்சாலைகளில், மோட்டார் சைக்கிள்களில், எங்கும் ஓடும் செயின் அது. (அவர் பெயரிலான கம்பெனி 2008இல் கோயம்புத்தூர் எல்.ஜி.பி.யின் தொழிற்சாலைச் செயின் வியாபாரத்தில் பங்கு வாங்கி வந்து சேர்ந்தது. கோவைக்காரர்களுக்குச் செயினைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.) கம்பெனி மூடினாலும், உதிரிப் பாகம் செய்தவர் மறைந்தாலும், காரைச் சாலையில் வைத்திருக்க முடியும் என்பது அதன் அமைப்பிலேயே இருந்தது.

இப்படி ஒரு காரை யோசித்தவர்கள் யார்? ஆர்ச்சிபால்ட் ஃபிரேசர்-நாஷும் ஹெச்.ஆர். காட்ஃப்ரேயும். லண்டன் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1910இல் இருவரும் சேர்ந்து ஜி.என். என்ற பெயரில் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் இடைப்பட்ட ஒரு லேசான வண்டியைச் செய்தார்கள். செயின் யோசனை அங்கே பிறந்தது. விலை குறைய வேண்டும், எடை குறைய வேண்டும், கியர் பாக்ஸ் என்ற விலையுயர்ந்த பெட்டி வேண்டாம். ஃபிரேசர்-நாஷ் தன் பந்தய ஜி.என். வண்டிகளுக்குக் கிம், மௌக்லி என்று கிப்ளிங்கின் பாத்திரங்களைப் பெயராக வைத்தார். 1922இல் ஆஸ்டின் செவன் வந்தது. குறைந்த விலைக்கு ஒழுங்கான நாலு சிலிண்டர் கார் கிடைத்த பிறகு இந்த நடுவாந்தர வண்டிகளை யார் வாங்குவார்கள்? ஃபிரேசர்-நாஷ் ஜி.என்.னை விட்டு வெளியேறித் தன் பெயரில் தனியாக ஆரம்பித்தார். ஏழைகளின் வண்டிக்கென்று கண்டுபிடித்த செயினை இப்போது வேகக்காரர்களின் வண்டிக்குப் போட்டார். கஞ்சத்தனத்தில் பிறந்த ஒரு யோசனை வீரத்துக்குப் பயன்பட்ட கதை என்று இதைச் சொல்ல எனக்கு ஆசை.

அவருக்கு வியாபாரம் கைகூடவில்லை. 1929இல் கம்பெனி ஹெச்.ஜே. ஆல்டிங்டன் கைக்கு வந்தது, அவருடைய சகோதரர்களும் கூடச் சேர்ந்தார்கள். ஃபிரேசர்-நாஷ் கார்த் தொழிலை விட்டுவிட்டு வேறு பக்கம் போனார். பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் துப்பாக்கி பொருத்திய சுழலும் கூண்டுகள் இருந்தன அல்லவா? வெல்லிங்டன், லங்காஸ்டர் விமானங்களின் வால்பகுதியில் உட்கார்ந்தவர்கள் சுழற்றியவை அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய எஃப்.என். கூண்டுகள். காட்ஃப்ரே 1936இல் வேறு இருவருடன் சேர்ந்து ஹெச்.ஆர்.ஜி. என்ற இன்னொரு அபூர்வமான ஸ்போர்ட்ஸ் காரைத் தொடங்கினார். அது தனிக் கதை.

ஆல்டிங்டன்கள் ஷோரூமில் வரிசையாக நிறுத்தி விற்றவர்கள் அல்ல. வாங்குபவர் வந்து, எந்த எஞ்சின், எந்த உடல் என்று சொல்ல, அதற்கேற்பச் செய்வார்கள். வால்வர்ஹாம்ப்டனிலிருந்து வரும் ஒன்றரை லிட்டர் மெடோஸ் எஞ்சின் பிரபலம். ஆறு சிலிண்டர் வேண்டுமென்றால் பிளாக்பர்ன். கம்பெனிக்காகவே ஆல்பர்ட் காஃப் வடிவமைத்த எஞ்சின் இன்னொன்று. டி.டி. ரெப்ளிகா என்ற மாடல் டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் ஓடிய கார்களின் பெயரில் வந்தது. பந்தயத்தில் ஓட்டியவர்களில் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை: ஏ.எஃப்.பி. ஃபேன். வூஸ்டர்ஷயரில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்று ஆயிரம் கஜ நீளத்துக்கு ஒரு மலைப்பாதைப் பந்தயம் உண்டு, 1905 முதல் நடக்கிறது. 1937இல் ஃபேன் ஒற்றை இருக்கை ஃபிரேசர் நாஷில் அதை 38.77 வினாடியில் ஏறிச் சாதனை படைத்தார். செயினை நம்பிய கார், நாட்டிலுள்ள பெரிய பந்தயக் கார்களையெல்லாம் அன்றைக்குத் தாண்டியது. போரில் அவர் விமானத்திலிருந்து படமெடுக்கும் விமானி. 1942 ஜனவரியில் நார்வேயில் ஒளிந்திருந்த ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதே ஆண்டு விமான விபத்தில் இறந்தார்.

ஆனால் கார்களின் விதி அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. 1934 ஆல்ப்ஸ் மலைப் போட்டியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 315 கார்கள் ஃபிரேசர் நாஷ்களைத் தோற்கடித்தன. தோற்ற ஆல்டிங்டன் கோபித்துக்கொள்ளவில்லை. மியூனிக்குக்குப் போய், அந்தக் கார்களைப் பிரிட்டனில் விற்கும் உரிமையை வாங்கி வந்துவிட்டார். வியாபாரி என்றால் இப்படி இருக்க வேண்டும்! ஃபிரேசர் நாஷ்-பி.எம்.டபிள்யூ என்ற பெயரில் அவை விற்றன. செயின் கார் கேட்டவர்களுக்கு மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்து கொடுத்தார்கள். 1939இல் போர் தொடங்கியது, அதோடு முடிந்தது.

இனிமேல்தான் குடும்பங்கள் கதைக்குள் வருகின்றன. போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942இல் சொந்தக் காருக்கான அடிப்படைப் பங்கீட்டையே நிறுத்திவிட்டார்கள். கார்கள் கொட்டகைகளில், கட்டை மேல் ஏறி நின்றன. 1945இல் கொஞ்சம் பெட்ரோல் கிடைத்தது, 1950இல்தான் ரேஷன் முழுதாக முடிந்தது. அப்போது செயின் கார் என்றால் யாருக்கு வேண்டும்? கம்பெனியே கைவிட்ட பழைய முறை. மழையில் நனையும், எண்ணெய் தெறிக்கும். புதுக் குடும்பக் காரின் விலையில் சிறு பங்குக்குக் கிடைத்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், கையில் அழுக்குப் படுவதை விரும்பியவர்கள்: பொறியியல் மாணவர்கள், விமானப் படையிலிருந்து வந்தவர்கள். ‘மோட்டார் ஸ்போர்ட்’ பத்திரிகையில் எழுதிப் பின்னாளில் பெரும் புகழ் பெற்ற டெனிஸ் ஜென்கின்சனும் செயின் ஃபிரேசர் நாஷ் வைத்திருந்தவர். 1955 மில்லே மிக்லியா பந்தயத்தில் ஓட்டுநர் ஸ்டெர்லிங் மாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் அவர். ஃபிரேசர் நாஷ் கம்பெனியின் வரலாற்றையும் எழுதினார்.

இவர்கள் கும்பலுக்கு ‘செயின் கேங்’ என்று பெயர். சங்கிலியில் பூட்டிக் கல் உடைக்க அனுப்பும் கைதிகளுக்கான பெயர், அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். 1934இல் தொடங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான வி.எஸ்.சி.சி. அவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கு என்றே ஆரம்பித்தது. அதன் ஒரு பிரிவாக ஃபிரேசர் நாஷ்காரர்கள் இருந்தார்கள். ஒருவருக்குப் புதுச் சாய்பல் சக்கரம் வேண்டுமென்றால் பத்துப் பேர் சேர்ந்து பத்துச் செட் வெட்டிக்கொள்வது, தெரிந்ததைக் காகிதத்தில் எழுதிச் சுற்றுக்கு விடுவது என்று நடந்தது. 350 கார்களில் பெரும்பகுதி இன்று எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதற்கு அந்த ஒட்டுதல்தான் காரணம்.

1960இல் இன்னொரு கண்டம். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை என்று அரசு கொண்டுவந்தது. பிரேக் தேறாது, ஸ்டீயரிங் தேறாது என்று பயந்து எத்தனையோ பழைய கார்களை உடைத்துவிட்டார்கள். வீட்டிலேயே பிரேக்கைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்களின் கார்கள் தப்பின. ஒரு குடும்பத்தில் அப்பா இதைச் செய்கிறார், பத்து வயதுப் பிள்ளை டார்ச் பிடிக்கிறது. எந்தச் செயின் முதலில் தொய்யும், எந்தப் போல்ட்டை முழு மூச்சாக இறுக்கக் கூடாது, பனிக்காலக் காலையில் எஞ்சினை எப்படிக் கிளப்ப வேண்டும் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. கூடவே நின்று பார்த்துத்தான் தெரியும். பிள்ளை வளர்ந்து பதினேழு வயதில் ஓட்டப் பழகும்போது அந்தக் காருக்கு வேலை தெரிந்த ஆள் வீட்டிலேயே தயாராக இருக்கிறான், அல்லது இருக்கிறாள். நான் பாசம் என்ற பதிலை ஏற்காததற்கு இதுதான் காரணம். பாசம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது வேலை தெரிந்த கை.

காகிதங்களுக்கு வருவோம். நாம் ஆர்.சி. புக் என்கிறோமே, அதற்குச் சமமாகப் பிரிட்டனில் 1921 முதல் லாக் புக் என்று ஒரு மடிப்பு அட்டை கொடுத்தார்கள். பதிவு செய்ததெல்லாம் அந்தந்த மாவட்டக் கவுன்சில்கள். சொந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதுப் பெயர் எழுதி, முத்திரை குத்திக் கொடுப்பார்கள். காரின் நிறத்தை மாற்றினாலும் எஞ்சினை மாற்றினாலும் அதில் ஏற வேண்டும். 1970களில் இதையெல்லாம் கவுன்சில்களிடமிருந்து எடுத்து வேல்ஸில் உள்ள ஸ்வான்சி நகரில் ஒரே அலுவலகத்தின் கணினிக்கு மாற்றினார்கள். 1983 நவம்பருக்குள் ஸ்வான்சியில் சேர்க்காத பழைய எண்கள் செல்லாமல் போயின. கவுன்சில்களின் பழைய பேரேடுகளில் பல குப்பைக்குப் போய்விட்டன.

கொட்டகையில் ஓடாமல் நிற்கும் காருக்கு யார் படிவம் நிரப்பி அனுப்புவார்கள்? அப்படி எண்ணை இழந்த கார்கள் ஏராளம். பிறகு வி765 என்ற ஏற்பாடு வந்தது. பழைய லாக் புக் போன்ற அந்தக் காலத்து ஆதாரத்தைக் காட்டி, அங்கீகாரம் பெற்ற கிளப் ஒன்றும் சான்று சொன்னால், பழைய எண் காருக்குத் திரும்பக் கிடைக்கும். லாக் புக் இல்லையென்றால் கஷ்டம். கை மாறிக்கொண்டே இருந்த காரில் ஏதோ ஒரு கைமாற்றத்தில் அந்த அட்டை தொலைந்திருக்கும். ஒரே வீட்டில் இருந்த காரில் அது மேசை இழுப்பறையில், பெட்ரோல் கூப்பன்களுக்கும் பட்டறை ரசீதுகளுக்கும் நடுவில் கிடக்கும். யாரும் அதைப் பாதுகாக்கவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. அவ்வளவுதான்.

ஒரு அட்டைக்கு இவ்வளவு மதிப்பா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். கார் ஃபிரேசர் நாஷ் அல்ல, பென்ட்லி. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர். 1929, 1930 இரண்டு ஆண்டும் லே மான் பந்தயத்தை வென்ற ஸ்பீட் சிக்ஸ். 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் சாய்ந்த சுவரைத் தாண்டி விழுந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். காரைத் திரும்பக் கட்டினார்கள், உடலையே மாற்றினார்கள். பிறகு வந்தவர்களும் மாற்றினார்கள். 1990இல் அதை வாங்க ஒரு கம்பெனி ஒரு கோடி பவுனுக்கு ஒப்பந்தம் செய்துவிட்டு, இது அந்தக் கார்தானா என்று சந்தேகப்பட்டுப் பின்வாங்கியது. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிபதி ஆட்டன் ஒவ்வொரு பாகமாக விசாரித்தார். 1929இல் லே மானில் ஓடிய காரின் இரும்பில் மிஞ்சியது மிகக் கொஞ்சம் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் விற்றவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பாகங்கள் ஒரே நாளில் மாறவில்லை, படிப்படியாக மாறின. எந்தக் கட்டத்திலும் அந்தக் கார் இல்லாமல் போய்விடவில்லை. அந்தப் பெயரைக் கேட்டு வேறு எந்தக் காரும் வரவில்லை. ஆக இதுவே அது.

இந்தத் தீர்ப்பை ஃபிரேசர் நாஷுக்குப் பொருத்திப் பாருங்கள். கழற்றி மாட்டுவதற்கென்றே பிறந்த கார். செயின் மாறும், ஸ்ப்ராக்கெட் மாறும், எஞ்சின் மாறுவதும் சகஜம், உடைந்த முன் ஆக்சிலை இன்னொரு காரிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார்கள். உதிரிகளைச் சேர்த்து ‘ஒரிஜினல்’ என்று ஒரு காரைக் கட்டிவிடும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரே சேசிஸ் எண்ணுக்கு இரண்டு கார் உரிமை கேட்டு நிற்பதும் பழைய கார் உலகில் நடந்திருக்கிறது. இந்த நிலையில், ஒரு வீட்டார் 1950களில் வாங்கியது முதல் இன்றுவரை கார் தங்கள் ஷெட்டை விட்டுப் போகவில்லை என்றும், எந்தப் பாகம் எப்போது, எதனால் மாறியது என்றும் சொல்ல முடிந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஏல அட்டவணையில் ‘ஒரே குடும்பத்தின் பராமரிப்பில்’ என்ற வரி வந்தால் விலை ஏறுவது இதனால்தான். வாங்குபவர் அந்தக் குடும்பத்தின் கதையை ரசிக்கிறார் என்று நினைக்காதீர்கள், வழக்கு வராது என்ற நிம்மதிக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

அப்படியும் ஏன் விற்கிறார்கள்? நல்ல டி.டி. ரெப்ளிகா இன்று ஆறிலக்கப் பவுன் விலைக்குப் போகிறது. பிரிட்டனில் தனியார் கார் விற்றால் வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. சட்டத்தில் கார் தேய்ந்து போகும் பொருள் என்று கணக்கு. எண்பது ஆண்டு தேயாமல் இருந்தாலும் அதே கணக்குதான்! ஆனால் சொந்தக்காரர் இறந்தால் கதை வேறு. சொத்து மதிப்பில் காரும் சேரும், வரம்புக்கு மேல் போனால் 40 சதவீதம் வாரிசு வரி. ஒருவருக்குக் காரும் மற்றவருக்குப் பணமும் கொடுக்க முடியாத வீட்டில் கார்தான் வெளியே போகும். வேறு காரணமும் உண்டு. டார்ச் பிடித்த பிள்ளைக்கு இப்போது எழுபது வயது. வெளிப்பக்கத்தில் நிற்கும் கியர் கம்பியை இழுக்கத் தோள் ஒத்துழைப்பதில்லை. பேரப்பிள்ளைகள் வேறு நாட்டில், ஷெட் இல்லாத அடுக்குமாடி வீட்டில்.

இப்படி விற்பனைக்கு வரும் கார் ஒன்றைப் பார்க்க யாராவது உங்களைத் துணைக்கு அழைத்தால், பெயின்ட்டைத் தடவிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். லாக் புக்கைக் கேளுங்கள். அடுத்து, ஷெட்டின் மூலையில் கிடக்கும் ஸ்ப்ராக்கெட்டுகளைக் கேளுங்கள். எதற்கு எத்தனை பல், எந்த மலைக்கு எதைப் போட்டார்கள் என்று யாராவது எங்காவது கிறுக்கி வைத்திருப்பார்கள், அந்தத் தாளும் வேண்டும். ஏல அட்டவணையில் அவை வராது. விற்பவர்களுக்கும் அவை பழைய இரும்பும் பழைய காகிதமும்தான், கேட்டால் காரோடு கொடுத்துவிடுவார்கள். பிறகு, முடிந்தால், அந்த எழுபது வயதுக்காரரை ஒரு நாள் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். எங்கே கியர் மாற்ற வேண்டும் என்று அவர் வாயால் சொல்ல மாட்டார், அந்த நேரத்தில் அவருடைய வலது கை தானாக அசையும்.